கூரையில் வெயில், உள்ளே இருட்டு

கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உள்ளே ஏசி, வெளியே டீசல் ஜெனரேட்டரின் ஓயாத உறுமல். இப்போது சுற்றுலாப் பயணிகளும் கேரவனில் கிளம்பிவிட்டார்கள். கேரள அரசு 2021இல் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. அடுத்த ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. பூங்காவில் நிறுத்தினால் மின் இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் கட்ச் பாலைவனத்திலோ லடாக் ஏரிக்கரையிலோ நிறுத்துபவர்கள் ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்க விரும்புவதில்லை. எனவே கூரையில் சோலார் பேனல்.

பாடி கட்டித் தருபவர்கள் பேனலின் வாட் கணக்கைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு. வண்டிக்குள் என்னென்ன ஓடப்போகிறது என்பதே முதல் கேள்வி. நான்கு எல்இடி விளக்குகள், ஒரு 12 வோல்ட் மின்விசிறி, செல்போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் நாளொன்றுக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. சிறிய ஃப்ரிட்ஜ் ஒன்று சேர்ந்தால், நம் நாட்டு வெப்பத்தில், ஒரு யூனிட்டை எட்டிவிடும். 200 வாட் பேனல் ஐந்து மணி நேர முழு வெயிலில் அந்த ஒரு யூனிட்டைத் தர வேண்டும். காகிதத்தில் தருகிறது.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் பொங்கும் என்பது தவறான நம்பிக்கை. பேனலுக்குத் தேவை வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு 25 டிகிரிக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறைகிறது. மே மாத மதியத்தில் கூரைப் பேனல் 65 டிகிரியைத் தொடும்போது ஆறில் ஒரு பங்கு போய்விடும். கூரையோடு ஒட்டிவிட்டால், கீழே காற்றுப் போக வழியில்லாமல், இன்னும் மோசம். தூசி வேறு. முக்கால் யூனிட் தேறினால் அதிர்ஷ்டம்.

அதைச் சேமிக்கும் பேட்டரிதான் உண்மையில் பணத்தை விழுங்குவது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட். பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். தினமும் அரைகுறையாக சார்ஜ் ஆனால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, ஒன்றிரண்டு ஆண்டுகளில் பேட்டரி செத்துவிடும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை இந்த வேலைக்குப் போட்டால் அதற்கும் முன்பே. 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுவது உண்மையில் 17, 18 வோல்ட் தரும். சார்ஜ் கண்ட்ரோலர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் டிஸ்டில்டு வாட்டர் கொதித்து வற்றும். சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க இதில்தான் பலரும் கைவைக்கிறார்கள்.

லித்தியம் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு, எண்பது சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. லே பக்கம் போகிறவர்கள் பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல், ஆட்கள் தூங்கும் அறைக்குள் வைப்பது நல்லது.

ஏசி? ஒரு டன் ஏசி ஓர் இரவில் ஐந்து யூனிட்வரை இழுக்கும். அதற்கு 100 ஆம்பியர் லெட் ஆசிட் பேட்டரிகள் எட்டு வேண்டும். எடை 200 கிலோவுக்கு மேல். அவற்றை நிரப்பும் அளவுக்குப் பேனல் விரிக்க வேன் கூரையில் இடமில்லை. சூரிய ஒளியில் ஏசி என்று விளம்பரம் செய்பவரிடம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பேச்சு திசைமாறிவிடும்.

இன்னொரு சங்கடம். ஏசி இல்லாதவர் வண்டியை மரநிழலில் நிறுத்தத்தான் விரும்புவார். பேனலிலோ செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே மின்சாரம் பெருமளவு சரிந்துவிடும். அனுபவசாலிகள் வண்டியை நிழலில் விட்டுவிட்டு, மடக்குப் பேனல் ஒன்றைப் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் வைக்கிறார்கள். வயர் தடிமனாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். இருட்டும் முன் பேனலை உள்ளே எடுத்து வைப்பதும் அவசியம். ஆளில்லாத இடம் என்று நினைத்து நிறுத்திய இடத்திலும் பேனலின் விலை தெரிந்த யாராவது ஒருவர் இருப்பார்.