தாடையே தாழ்ப்பாள்



மஃரிப் நேரம் நெருங்குகையில், வெண்ணாற்றுப் பாசன வயல்களின் வரப்போரம் சற்றே குனிந்து பாருங்கள். காய்ந்த புல் தண்டொன்றில் நாலைந்து சிறு தேனீக்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணக்கூடும். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும். தாடையால் தண்டைக் கவ்வியபடி, அசைவற்றிருக்கும். செத்துவிட்டனவோ என்று ஐயம் எழும். சாகவில்லை; உறங்குகின்றன.

இவை நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள். கூட்டமாய்க் கூடு கட்டி வாழும் இனமன்று இது. பெண் தேனீ மண்ணில் வளை தோண்டி இரவைக் கழிக்கும். ஆணுக்கோ வீடில்லை. தண்டே படுக்கை, தாடையே தாழ்ப்பாள்.

ஏன் இப்படி உறங்க வேண்டும்? உறங்கும் உயிர் எதிரியைக் காணாது, ஓடவும் இயலாது. ஆகவே அது எப்படிக் கிடக்கிறது என்பதே அதன் காவல். மெல்லிய தண்டின் நுனி, தரையில் திரியும் எறும்புகளுக்கு எட்டாத இடமாக இருக்கலாம். தாடை இறுகப் பற்றியிருப்பதால் கால்கள் தளரலாம், காற்றடித்தாலும் விழாது.

இது உண்மையில் உறக்கந்தானா? ஜெர்மானிய ஆய்வாளர் வால்டர் கைசர், கூட்டுத் தேனீக்களை இரவில் கவனித்து 1988-இல் எழுதினார்: அவற்றின் உணர்கொம்புகள் தொங்குகின்றன, கழுத்துத் தசை தளர்கிறது, உடல் வெப்பம் தணிகிறது. நம் வீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழும் குழந்தையின் தலை நினைவுக்கு வருகிறதல்லவா?

எனினும் கிடக்கும் நிலையை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. நம் வயல் நத்தையைப் பாருங்கள். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறப்பது மரபு. அதற்கு முந்தைய கோடையில் நத்தை சேற்றுள் புதைந்து, ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொள்ளும். உடலின் ஈரம் போகாமல் காக்கும் ஏற்பாடு அது. கோடை உறக்கம் என்று பெயர் பெற்றாலும், தட்டினால் விழிக்கும் அன்றாட உறக்கமன்று. நீர் வந்தால்தான் எழும்.

மாறாக, நம் கடலோர மக்கள் சொறி என்றழைக்கும் ஜெல்லி மீனுக்கு மூளையே இல்லை. அதில் ஓரினம் இரவும் பகலும் தலைகீழாகவே கிடக்கும். தன்னுள் வாழும் பாசிக்கு வெயில் கிடைக்கவே அந்த நிலை, உறக்கத்திற்காக அன்று. ஆனால் இரவில் அதன் துடிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஓய்வைக் கெடுத்தால் மறுநாள் மந்தமாகிறது. அதுவும் உறங்குகிறது என 2017-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் கண்டறிந்தனர். ஆக, எளிதில் அசையாமை, தூண்டினால் விழித்தல், இழந்த ஓய்வை ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது உறக்கம்.

மீண்டும் வரப்புக்கு வருவோம். இவ்வினத்துப் பெண் தேனீ கத்தரிப் பூவைப் பற்றி, உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும். நம் சமையற்கட்டுக் கத்தரிக்காயில் அதற்கும் பங்குண்டு. அதன் இணை உறங்கும் தண்டையோ, களை என்று மாலையில் கொளுத்திவிடுகிறோம். குளிர்ந்து கிடக்கும் தேனீ உடனே பறக்க இயலாது.

வரப்பைத் திருத்த வேண்டுமாயின், வெயில் ஏறிய பின் திருத்துங்கள். அதற்குள் அவை தாமே எழுந்து போயிருக்கும். இயன்றால், ஒரு மூலையில் நாலு காய்ந்த தண்டுகளை விட்டுவையுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று, தொடாமல் காட்டுங்கள். உறங்குபவரை எழுப்பாமல் கடந்து செல்வதும் நல்லொழுக்கமன்றோ!