டிஸ்க் பிதுங்கினால் அறுவைச் சிகிச்சையா?

ஆசிரியருக்கு,

முதுகுவலி பற்றிய தங்கள் கட்டுரை ஸ்கேன் எப்போது தேவை என்பதைத் தெளிவாகச் சொன்னது. வந்த அறிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் சேர்த்திருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்பு டிஸ்க்கின் பிதுக்கம்) என்று பார்த்ததுமே பலர் அறுவைச் சிகிச்சைதான் வழி என்று கலங்கிவிடுகிறார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது! வயது ஏற ஏற இது சகஜம்.

வலி இடது காலில் இறங்க, பிதுக்கம் வலப்புற நரம்பை மட்டும் தொட்டால், அந்தப் பிதுக்கம் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. நோயாளியைத் தொட்டுப் பரிசோதித்தவரால்தான் இதைப் பொருத்திப் பார்க்க முடியும். கால் செயலிழப்பதும், சிறுநீர் கட்டுப்பாடு போவதும் வேறு கதை. அங்கே தாமதம் கூடாது.

மருத்துவர்கள் ஸ்கேன் சீட்டில் வெறுமனே ‘முதுகுவலி’ என்று எழுதாமல், வலி எந்தப் பக்கம், எவ்வளவு நாளாக என்றும் குறிப்பிட வேண்டும். நோயாளிகள் பழைய படங்களையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். சிகிச்சை மனிதருக்குத்தான், படத்துக்கு அல்ல.

– ஒரு வாசகர், திருநெல்வேலி