தாமே இட்ட தீ

கனடாவில் வாழும் என் தங்கை குடும்பத்தாருடன், ஒண்டாரியோவின் மிட்லண்டு நகரருகே 'ஹூரோன் மக்களிடையே புனித மரியா' என்னும் மரக்கோட்டையைக் கண்டேன். 1639இல் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் எழுப்பியது, 1649இல் எரிந்தது, 1960களில் மீண்டும் கட்டப்பெற்றது. மரவேலியும் கொல்லன் பட்டறையும் புதியனவே. கோயிலினுள் புனித பிரெபெஃப் அடக்கமான மண் பழையது.

"எதிரிகளா கொளுத்தினார்கள், மாமா?" என்றாள் தங்கை மகள். அன்று. மார்ச்சில் இரோக்குவா இனத்தார் அருகிலுள்ள ஊர்களை அழித்து அவரையும் கொன்றபின், ஜூனில் எஞ்சிய குருக்களே தீயிட்டு நீங்கினர். பத்தாண்டு உழைப்பு!

அங்கே மற்றொன்றும் அறிந்தோம். பெரியம்மை முதலிய கொள்ளைநோய்களால் ஹூரோன் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டிருந்தனர். குருக்களின் சூனியமே காரணமெனப் பலர் நம்பினர். அறியாமையென நகைக்க எனக்கு மனம் வரவில்லை. நோய் அந்நியரோடு வந்ததென்பதை அவர்கள் சரியாகவே கண்டிருந்தனர்.