லிஃப்ட் வாங்குகிறவர்களே, முதலில் தரையைத் துளைத்துப் பாருங்கள்

இதை எழுதினால் ஊரில் நாலைந்து பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பேசாவிட்டால் பரவாயில்லை. அவர்களுடைய கராஜில் வேலை செய்கிற பொடியன்மார் இரண்டு காலோடும் வீட்டுக்குப் போனால் எனக்குப் போதும்.

வீட்டு வளவுக்குள் கார் லிஃப்ட் பூட்டுவது இப்போது எங்கள் பக்கம் ஒரு மோகமாகிவிட்டது. காரணம் விளங்காமல் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துத்தான் ஓட்டினோம். திறந்த பிறகும் வரியோடு விலையைக் கேட்டுவிட்டுப் பழைய காருக்கே திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். ஆகவே வேலை இருக்கிறது. கட்டாரில் பத்து வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த ஒருவர், கையில் இருக்கிற காசுக்கு ஒரு லிஃப்ட் வாங்கி வீட்டு முன்னால் பூட்டினால் குடும்பம் நடத்தலாம் என்று நினைக்கிறார். நல்ல எண்ணம்தான். நான் அதற்கு எதிரி இல்லை. ஜக்கை வைத்துத் தூக்கி, சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுத்து, கீழே படுத்து வேலை செய்வதைவிட லிஃப்ட் ஆயிரம் மடங்கு மேல். சீமெந்துக் கல் சொல்லிவிட்டு உடைவதில்லை.

என் சண்டை வேறு. லிஃப்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். அது நிற்கிற தரைக்குக் கேட்டால் ஒரு பேக் சீமெந்துக்கு யோசிக்கிறோம்.

எங்களுடைய வீடுகளின் தரை எப்படிப் போடப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். கிரவலோ கடல் மணலோ நிரப்பி, தண்ணீர் அடித்து, அதற்கு மேல் 3 அங்குலம் கொங்கிரீட், கலவை பெரும்பாலும் 1:3:6. அதற்கு மேல் சாந்து, அதற்கு மேல் டைல்ஸ். மனிதன் நடக்க, கதிரை மேசை போட, காரை நிறுத்தி வைக்க அது போதும். இரண்டு தூண் லிஃப்டுக்கு அது போதாது. பல கம்பனிகளின் கையேட்டில் ஆகக் குறைந்தது 4 அங்குலம், 3,000 பி.எஸ்.ஐ. பலமுள்ள கொங்கிரீட் என்று இருக்கும். ஐரோப்பியத் தயாரிப்புகள் அதைவிடத் தடிப்பாக, உள்ளே கம்பி வலையோடு கேட்கும். போட்டு 28 நாள் இறுகிய பிறகே போல்ட் அடிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கொங்கிரீட் போட்ட நாலாம் நாளே ட்ரில் மெஷினோடு வந்து நிற்கிறார்கள்.

"கார் ஆயிரத்து நானூறு கிலோதானே ஸேர், லிஃப்ட் நாலு டொன் தூக்கும்" என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். நாலு டொன் என்பது லிஃப்டின் கணக்கு. தரையின் கணக்கு வேறு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒரு பிரியஸ் என்று வையுங்கள், சுமார் 1,400 கிலோ. தூணுக்கு 700 கிலோ. அந்தப் பாரம் தூணுக்கு நேர் மேலே இல்லை. நீட்டிய கையின் நுனியில், தூணின் அடித்தட்டு விளிம்பிலிருந்து ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கிறது. ஆகவே தூண் காரின் பக்கம் சாயப் பார்க்கிறது. அதைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அடித்தட்டின் வெளிப்பக்கத்தில் உள்ள போல்ட்டுகள். அவை அந்த விளிம்பிலிருந்து 35 சென்ரிமீற்றர் தூரம் என்றால், 700ஐ 70ஆல் பெருக்கி 35ஆல் வகுத்துப் பாருங்கள். 1,400 கிலோ. தரையிலிருந்து போல்ட்டைப் பிடுங்கி எடுக்க ஒரு முழுக் காரின் பாரம் மேல் நோக்கி இழுக்கிறது. தூணின் சொந்தப் பாரத்தால் கொஞ்சம் குறையும். மேலே குறுக்குப் பீம் உள்ள வகை என்றால் இன்னும் குறையும். ஆனால் முகடு பதிவு என்பதற்காக எங்கள் ஆட்கள் தேடிப் பிடித்து வாங்குவது பீம் இல்லாத வகையைத்தான்! இது நெம்புகோல் பாடம். பெரிய பொறியியல் ஒன்றும் இல்லை.

அந்த 1,400 கிலோவை எது பிடித்து வைத்திருக்கிறது? 3 அங்குலக் கொங்கிரீட்டில் ஒன்றரை அங்குலம் இறங்கிய போல்ட். மேலே ஒரு அங்குலம் டைல்ஸும் சாந்தும். டைல்ஸுக்குள் இருக்கும் போல்ட் நீளம் கணக்கில் வராது. அது பிடிமானம் இல்லை, அலங்காரம்.

முகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காரை ஆள் நிமிர்ந்து நிற்க 1.8 மீற்றர் தூக்கினால், காரின் உயரம் ஒன்றரை மீற்றர், மொத்தம் 3.3. பதினொரு அடிக்குக் கிட்ட. உங்கள் போர்ச்சின் உயரம் ஒன்பது, ஒன்பதரை. வாங்குவதற்கு முன் டேப்பைப் பிடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ரீகண்டிஷன் லிஃப்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. கொண்டெய்னரில் ஜப்பானிலிருந்து வருகிறது, மலிவு, இரும்பும் நல்ல இரும்புதான். ஆனால் ஜப்பானில் மூன்று பேஸ் மின்சாரம் 200 வோல்ட். எங்களுடையது 400. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், எங்களுடையது 230. நாட்டின் பாதியில் 50 ஹேர்ட்ஸ், மறுபாதியில் 60. மோட்டாரை மாற்ற வேண்டும் அல்லது ட்ரான்ஸ்ஃபோமர் போட வேண்டும். இதையெல்லாம் "வயரிங் பாஸ் பார்த்துக்கொள்வார்" என்று விடுகிறோம். அதைவிட மோசம், அந்த லிஃப்டோடு கையேடு வருவதில்லை, கழற்றும்போது தொலைந்த பின்னும் சாமானும் வருவதில்லை. தொலைந்த பின்னுக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய சாதாரண போல்ட்டைப் போட்டுவிட்டு, "அதே சைஸ்தான்" என்கிறார்கள். சைஸ் ஒன்றுதான். இரும்பு ஒன்றா?

இவ்வளவும் சொல்வது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு. என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு மகன், பெயர் வேண்டாம், வீட்டோடு சேர்ந்த ஒரு கராஜில் வேலை பழகப் போனான். வகுப்பில் கணக்கு வராது, ஆனால் ஒரு கெட்டுப்போன மின்விசிறியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஓட வைப்பான். அந்தக் கராஜில் லிஃப்டின் பாதுகாப்பு லொக்கைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஏன்? ஏறும்போது டக் டக் என்று சத்தம் போடுகிறதாம், இறக்கும்போது கொஞ்சம் மேலே ஏற்றித்தான் விடுவிக்க வேண்டியிருக்கிறதாம், நேரம் போகிறதாம். ஒரு நாள் எண்ணெய்க் குழாய் விட்டுக்கொடுத்தது. கார் முழுதாக விழவில்லை, ஒரு பக்கம் சரிந்து இறங்கியது. அவனுடைய இடுப்பும் வலது தொடையும். ஒன்றரை வருடமாகிறது, இன்னும் தடி இல்லாமல் பள்ளிவாசல் படி ஏற முடியாது. வயது பத்தொன்பது.

அந்த லொக் எதற்கு என்றால், காரை வேண்டிய உயரத்துக்குத் தூக்கியதும் கொஞ்சம் இறக்கி, பாரம் முழுவதையும் இரும்புப் பல்லில் உட்கார வைப்பதற்கு. அதற்குப் பிறகுதான் ஆள் கீழே போக வேண்டும். எண்ணெய் அமுக்கம் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. சீல் ஒன்று கிழிந்தால் எண்ணெய் யாருடைய முகத்தையும் பார்க்காது. லொக்கைக் கட்டி வைத்த லிஃப்டுக்கும் சீமெந்துக் கல்லுக்கும் என்ன வித்தியாசம்? கல் மலிவு, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். கத்ர். நானும் கத்ரை நம்புகிறவன்தான். ஆனால் கம்பியால் லொக்கைக் கட்டியது ஒரு மனிதனின் கை. அந்தக் கையின் பெயரைக் கேட்காமல் இருப்பதற்குக் கத்ரைத் திரையாகப் பிடிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு நட்டஈடு என்ற பேச்சே யாரும் எடுக்கவில்லை. இந்த நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்தும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலிருந்தும் இருக்கின்றன. கூலிக்கு ஆள் வைத்து வாகனம் திருத்தினால், அது உங்கள் வீட்டு வளவு என்பதற்காகப் பொறுப்பு இல்லாமல் போகாது. பிரித்தானியாவில் பாரம் தூக்கும் சாதனங்களைத் தகுதியான ஆளைக் கொண்டு குறைந்தது வருடத்துக்கு ஒரு தடவை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1998 இலேயே விதி போட்டுவிட்டார்கள். நாங்கள் பூட்டுகிற அன்று ஒரு தடவை பார்க்கிறோம், அதுவும் ஃபோட்டோ எடுக்க.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள்.

வாங்குவதற்கு முன், தூண் வரப்போகிற இரண்டு இடத்திலும் தரையைத் துளைத்துக் கொங்கிரீட்டின் தடிப்பை அளவெடுங்கள். போதாவிட்டால் அந்த இடத்தை வெட்டி, அடி மண்ணை நன்றாக இறுக்கி, கம்பி வலை கட்டி, 1:1½:3 கலவையில் கையேடு கேட்கிற தடிப்புக்குப் போடுங்கள். தூணின் அளவுக்கு ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் வெட்டி ஊற்றி ஏமாற வேண்டாம், அது கட்டியாகவே பெயர்ந்து வரும். எவ்வளவு அகலம் என்பதும் கையேட்டில் இருக்கும். எங்கள் கரையோர மணலில் இது இன்னும் முக்கியம். மாரியில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கும் என்று கிணற்றைப் பார்த்தாலே தெரியும். அதனாலேதான் லிஃப்டுக்குப் பதிலாகக் குழி வெட்டலாம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மார்கழியில் அது கிணறு, கோடையில் பெற்றோல் ஆவி கீழே இறங்கித் தேங்குகிற பள்ளம்.

அவ்வளவு செலவு முடியாதா? இரண்டு தூண் வகையை விடுங்கள். நாலு தூண் லிஃப்டில் கார் சில்லுகளில் நிற்கிறது, பாரம் நாலு மூலைக்கும் நேராக இறங்குகிறது, போல்ட்டைப் பிடுங்குகிற இழுவை இல்லை. சில்லைக் கழற்ற வேண்டுமென்றால் நடுவில் வேறு ஜக் தேவை, அது ஒரு குறை. ஒரு மீற்றர் சொச்சம் தூக்குகிற கத்தரிக்கோல் லிஃப்டும் இருக்கிறது, பிரேக், சில்லு வேலைக்குத் தாராளம், பதிந்த முகட்டுக்கும் பொருந்தும். இரண்டுக்கும் நல்ல, மட்டமான தரை வேண்டும்தான், ஆனால் கேட்பது இவ்வளவு இல்லை. அதற்கும் காசு இல்லையென்றால் நல்ல ஜக் ஸ்டாண்ட் நாலு வாங்குங்கள். வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஸேர், உங்களுக்கு ஏன் இந்த வேலை, பாடத்தைப் படிப்பியுங்க" என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். நான் படிப்பிக்கிற பிள்ளைகளில் வருடத்துக்கு மூன்று பேராவது உங்கள் கராஜுக்குத்தான் வருகிறார்கள். அதனால் இது என் வேலைதான்.

லிஃப்ட் வாங்க இருப்பவர்கள், கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது விளங்கவில்லை என்றால், அத்திவாரம் பற்றிய பக்கத்தையும் போல்ட் பற்றிய பக்கத்தையும் படம் பிடித்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். தமிழில் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஏற்கனவே பூட்டியவர்கள் இன்று இரவே போய் லொக்கில் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.