கொடையா, நஞ்சா?

நம் சங்க மேடைகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றில் தமிழ்ச் சொல்லைப்போல் ஒலிக்கும் சொல்லைக் கண்டதும், அது இங்கிருந்து சென்றதே என்று முழங்குவது, அவையும் கைதட்டிவிடுகிறது. இதனை நாம் மறுக்கிறோம். தமிழ்ப்பற்றுக் குறைந்ததால் அன்று. ஒரு சொல்லின் பிறப்பறிவது எத்துணை அரிய பணி என்பதற்கு ஐரோப்பியரின் ஒரே சொல் போதும்.

'கிஃப்ட்' என்னும் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது பரிசு. நம் திருமண வரவேற்புகளில் வண்ணத்தாள் சுற்றி வருவது. ஜெர்மன் மொழியிலோ அதே எழுத்துகள் நஞ்சைக் குறிக்கும். எலிப் பாஷாணத்தின் பெயரில் அச்சொல் உண்டு. டச்சு மொழியில் நன்கொடை. ஸ்வீடிஷ் மொழியில் பெயராக வந்தால் நஞ்சு, அடையாக வந்தால் 'மணமான' என்று பொருள்! (இல்லறம் கசந்தவர் இதைக் கேட்டு நகைக்கலாம்.)

இவை வெவ்வேறு சொற்கள் அல்ல. 'கொடு' என்னும் பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். 'கொடுத்தல்' என்று பொருள்படும் 'டோசிஸ்' என்பதைக் கிரேக்க மருத்துவர் ஒருவேளை மருந்துக்கு வழங்கினர். இலத்தீன் வழியே வந்த அவ்வழக்கைப் பின்பற்றி ஜெர்மானியரும் தம் கொடைச்சொல்லை மருந்தின்மேல் ஏற்றினர். கொடுத்த மருந்து நாளடைவில் கொல்லும் மருந்தாயிற்று. பழம்பொருள் முற்றும் அழியவில்லை. சீதனத்தை ஜெர்மானியர் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்பர். ஸ்வீடிஷ் வழக்கோ பெண் கொடுத்தலிலிருந்து எழுந்தது. பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் பெண்ணுக்குத் தரும் பரிசப் பணத்தையே குறித்தது. கொடையும் நஞ்சும் ஒரு சொல்லில் கூடியதை வியந்து மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1924இல் தனிக் கட்டுரையே வரைந்தார்.

இங்கே வேர் ஒன்று, பொருள் பல. மாறாக, ஒலியும் பொருளும் ஒத்தும் உறவில்லாத சொற்களும் உண்டு. 'உடைமையாகக் கொள்' என்பது இலத்தீனில் 'ஹாபேரே', ஜெர்மனில் 'ஹாபென்'. உடன்பிறப்பென்றே தோன்றும், ஆயினும் அல்ல. ஜெர்மன் சொல்லின் முதலில் ஹகரம் நின்றால், இனமான இலத்தீன் சொல்லில் ககரம் நிற்பதே முறை. எனவே 'ஹாபென்' என்பதன் உறவு, 'பற்றுதல்' எனப் பொருள்படும் 'காபெரே'. பக்கத்து நாட்டு மொழிகளிலேயே செவி இப்படி ஏமாறுமானால், கடல் கடந்த ஒப்புமைக்குச் செவி ஒன்றே சான்றாகுமா? சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் சொன்னதை நம் ஆர்வலர் ஏன் மறந்தனர்?

மேலை அறிஞர் நம் பெருமையை மறைக்கிறார்கள் என்பர். 'கட்டுமரம்' ஆங்கில அகராதிகளில் தமிழ்ச் சொல்லாகவே பதிவாகியுள்ளதே! 1697இல் வெளிவந்த டாம்பியரின் பயண நூலில் அது சோழமண்டலக் கரைக்குரிய பெயராகவே வருகிறது. இன்று அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. பொருள் மாறினும் பிறப்பை எவரும் மறுக்கவில்லை, ஏடு இருப்பதால்.

வேற்றுமொழி நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள், நாம் சொல்வதை நம்பிப் பள்ளியில் உரைக்கிறார்கள். பொய் ஒன்று அங்கே வெளிப்பட்டால் கட்டுமரத்தையும் சேர்த்தே ஐயுறுவார்கள். ஆகவே மலர்க்குழுவினரை வேண்டுகிறோம்: சொற்பிறப்புக் கட்டுரை வந்தால், அச்சொல் எந்நூலில், எவ்வாண்டில் முதலில் காணப்படுகிறது என்று கேளுங்கள். விடை வரும்வரை கட்டுரை அடுத்த மலருக்குக் காத்திருக்கட்டும்.