கிழமைத் தவணையும் பிள்ளையின் கொப்பியும்

நுண்கடனைப் பற்றி நமது பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகளையும் கட்டுரைகளையும் தொகுத்தால் ஒரு பெருநூல் தேறும். வட்டி வீதம், வசூலிக்க வருவோரின் அடாவடி, கடன்சுமை தாளாது உயிரை மாய்த்துக்கொண்டோர், தேர்தல் மேடைகளில் அளிக்கப்பட்ட வாக்குறுதிகள் என யாவும் அதிலிருக்கும். நானும் என் பங்குக்கு எழுதியிருக்கின்றேன். ஆனால், கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றி நாம் எவரும் எழுதுவதில்லை. தவணை தவறியவரே செய்தியாகின்றார். தவறாதவரிடம், அப்பணம் எங்கிருந்து வந்தது, எதனைக் குறைத்து அது எடுக்கப்பட்டது என்று கேட்பாரில்லை.

பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அப்பணத்தின் கணிசமான பகுதி அப்பிள்ளைகளிடமிருந்தே எடுக்கப்படுகின்றது என்பது என் அபிப்பிராயம்.

இக்கடன்கள் எவ்வாறு வந்தன என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றது. மீளக்குடியமர்ந்த வன்னி மக்களைத் தேடி முதலில் வந்தவை தொழிற்சாலைகள் அல்ல. வங்கிக் கிளைகளும் லீசிங் கம்பனிகளும் நுண்நிதி நிறுவனங்களுமே வந்தன. அதனையடுத்து வீட்டுத்திட்டங்கள் வந்தன. 2012 இல் பெருமளவில் ஆரம்பமான இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா நன்கொடையாகக் கிடைத்தது. நன்றியுடன் நினைவுகூர வேண்டிய உதவி அது. ஆயினும் அப்பணம் கட்டங்கட்டமாகவே வழங்கப்பட்டது. ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த கட்டத்துக்கான பணம். சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கட்டத்தை முடிப்பதற்கே பலர் கடன்பட்டனர். கூரை வந்தது. கதவும் யன்னலும் போடுவதற்கு இன்னொரு கடன். ஆடம்பரத்தால் அழிந்தார்கள் என்று இம்மக்களைப் பற்றிக் கொழும்பில் குளிரூட்டிய அறைகளிலிருந்து சொல்வோர், இவ்வீடுகளில் ஒன்றையேனும் சென்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விடயம். இந்நிறுவனங்கள் அனுப்பும் பத்திரிகை அறிக்கைகளில் கடன் பெற்றவர்களைப் 'பயனாளிகள்' என்றே எழுதுவார்கள். ஆசிரியபீட மேசையில் இருந்த காலத்தில் அச்சொல்லை வெட்டிக் 'கடனாளிகள்' என்று நான் திருத்துவதுண்டு. விளம்பரப் பகுதியினருக்கு அது பிடிப்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 50 ஆயிரம் ரூபா கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24 வீத வட்டி என்று சொல்லப்படுகின்றது. வட்டி 12 ஆயிரம் ரூபா. ஆக 62 ஆயிரத்தை 52 கிழமைகளாகப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் முதற்கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகின்றது அல்லவா? 50 ஆயிரம் ரூபாவும் ஆண்டு முழுவதும் அப்பெண்ணின் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதியளவே அவரிடம் இருக்கின்றது. வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் அறவிடப்படுகின்றது. முறையாகக் கணித்தால் உண்மையான வட்டி 44 வீதமளவில் வரும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முற்கூட்டியே கழிப்பவற்றைச் சேர்த்தால் அதற்கும் மேல். 2018 இறுதியில் மத்திய வங்கி தன் அனுமதிபெற்ற நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு விதித்தபோது, '24 வீதத்துக்கே தருகின்றார்களே, 35 எதற்கு?' என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள்தாம்.

வட்டியை விடவும் கொடியது கிழமை என்ற அந்தக் கால அளவு. நெல் விதைப்பவருக்குப் பணம் வருவது அறுவடையின் பின்னர். கடற்றொழிலாளிக்குக் காற்றும் கடலும் விட்டுக்கொடுத்தால் வருமானம். அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம். கூலிவேலை செய்வோருக்குக்கூட மழை நாட்களில் வேலையில்லை. தவணைக்கு மட்டும் மழையுமில்லை, புயலுமில்லை. நில உறுதியோ நகையோ கேட்கப்படுவதில்லை. அயலிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே தவணை நாளன்று தாயொருத்தி அஞ்சுவது நிறுவனத்துக்கு மாத்திரமல்ல. நாளை கிணற்றடியில் முகம் பார்க்க வேண்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அஞ்சுகின்றாள்.

அவ்வாறு அஞ்சுகின்ற வீட்டில் எதனைப் பிற்போடலாம்? மின்கட்டணத்தைச் சில நாட்கள் பிற்போடலாம். அரிசியைப் பிற்போட முடியாது. வாய்விட்டுக் கேட்காத, வாசலில் வந்து நின்று சத்தமிடாத ஒரே செலவு பிள்ளையின் படிப்புத்தான்.

நமது நாட்டில் கல்வி இலவசம். 1945 இலிருந்து இலவசக் கல்வி, 1980 இலிருந்து இலவசப் பாடநூல், 1993 இலிருந்து இலவசச் சீருடை. இவற்றின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுபவனல்லன் நான். இவை இல்லாவிடின் என் போன்றோர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்கவும் முடியாது. ஆனால் கொப்பியும் சப்பாத்தும் பையும் பஸ் காசும் அபிவிருத்திச் சங்கப் பணமும் பெற்றோரின் தலையில்தான். அதற்கு மேலே ரியூசன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை ரியூசன் இன்றிப் பரீட்சை இல்லை என்ற நிலையை நாமெல்லோரும் சேர்ந்தே உருவாக்கிவிட்டோம். 2022 இன் நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் நடத்திய குடும்ப மதிப்பீட்டில், 3 முதல் 21 வயது வரையானோரில் பாதிக்கு மேற்பட்டோரின் கல்வி நெருக்கடியால் பாதிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பாடசாலை உபகரணங்கள் வாங்குவதைக் குறைத்தனர் அல்லது நிறுத்தினர்.

என் பிள்ளைகள் படித்த காலத்தில் என் மனைவியின் காப்புகள் ஒவ்வொரு ஜனவரியிலும் அடகுக்குப் போய், சித்திரைப் பண்டிகை முற்பணம் கிடைத்ததும் திரும்பி வரும். அந்த முற்பணமும் கடனே. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்படும். ஆயினும் அடகுகடைக்காரர் கிழமைதோறும் எங்கள் படலையில் வந்து நின்றதில்லை. பிள்ளைகளின் பெயரைக் கேட்டதுமில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் நான் கேட்ட வார்த்தைகளை இங்கே குறிப்பிட வேண்டும். "தம்பி, லோன்கார அண்ணா வந்தால் அம்மா வயலுக்குப் போட்டா எண்டு சொல்லு" என்று தாய் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் சென்றார். பையனுக்கு எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும். படலையடிக்குப் போய், பிசகில்லாமல் சொன்னான். அன்று வியாழக்கிழமை. பாடசாலை நாள். அவன் ஏன் பாடசாலை செல்லவில்லை என்று நான் கேட்டபோது, வியாழக்கிழமைகளில் அவனை மறிப்பதாகத் தாய் சொன்னார். மூன்று கடன்கள் அவருக்கு. ஒன்றைக் கட்ட மற்றொன்று. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

இத்தகைய பெண்களுக்கு நிதிமுகாமைத்துவ அறிவு போதாது என்று கூறிப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. மூன்று கடன்களை மூன்று வெவ்வேறு நாட்களில், நிரந்தர வருமானம் எதுவுமின்றிச் சமாளிக்கும் ஒருவருக்கு முகாமைத்துவம் கற்பிக்க எந்த விரிவுரையாளரால் முடியும்?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று மாதங்கள் அல்லது அதற்கு மேல் தவணை தவறியவர்களுக்கே அது உரியது. விதியொன்று வேண்டும்தான். ஆனால் பிள்ளையின் ரியூசனை நிறுத்தி, காலைச் சாப்பாட்டைக் குறைத்து, தவணையைத் தவறவிடாமல் கட்டியவருக்கு அத்திட்டத்தில் எதுவுமில்லை. மானத்துக்கு அஞ்சிக் கட்டியவர் ஏமாந்தார். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடன்களுக்கு எதிராக 50 நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தபோது, நமது தமிழ்ப் பத்திரிகைகள் அதற்கு ஒதுக்கிய இடம் மிகச் சொற்பம். முல்லைத்தீவுப் பெண்ணுக்கும் ஹிங்குராக்கொடைப் பெண்ணுக்கும் தவணை அட்டை ஒன்றுதானே.

எந்தச் சட்டம் வந்தாலும் அதில் இரண்டு விடயங்கள் இருக்க வேண்டுமென்பேன். வட்டியை, கழிக்கப்படும் கட்டணங்களையும் சேர்த்து, குறைந்துசெல்லும் மீதிக்கே கணித்துத் தவணை அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். அடுத்து, தவணை கடனாளியின் வருமானம் வரும் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும்; பாடசாலை ஆண்டு தொடங்கும் மாதத்தில் தவணை அறவிடப்படலாகாது. நிறுவனங்கள் இதனால் நட்டமடையும் என்பார்கள். ஒரு மாதம் பிந்தினால் அழிந்துபோகும் வியாபாரமாயின் அதன் இலாபம் எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்களே விளக்கட்டும். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம், அறுவடை பிழைத்தால் எவ்வளவு பொறுக்கலாம் என்பதை ஊரவர்களே தீர்மானிக்கும் இடம் அது. அவற்றிலே குறை இல்லாமலில்லை, அரசியலும் உண்டு. எனினும் கடன் கொடுத்தவருக்கும் கடனாளியின் பிள்ளை படிக்கும் பாடசாலை தெரிந்திருக்கும்.

வெளிநாடுகளில் இருந்து இதனை வாசிப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். வீட்டுக்கடனும் கிரெடிட் கார்ட்டும் பிள்ளைகளின் செலவுகளுமாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் நீங்கள் படும் பாட்டை நான் அறியாதவனல்லன். அதற்கிடையிலும் ஊருக்கு அனுப்புகின்றீர்கள். சாமத்திய வீட்டு மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கேட்டவுடன் காசு வருகின்றது. தவணைக்குக் கேட்க ஊரிலுள்ளவர்கள் கூச்சப்படுகின்றார்கள். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, எத்தனை கடன், எந்தக் கிழமையில் முடிகின்றது என்று நீங்களாகவே கேளுங்கள். இருப்பவற்றில் வட்டி கூடிய ஒன்றை முற்றாக அடைத்து, அட்டையை மூடிய பற்றுச்சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வியாழக்கிழமைகளில் பாடசாலைக்குப் போகின்றதா என்பதையும் கேளுங்கள்.