கடை வரட்டும், பின்வாசல் வேண்டாம்

"நாம் பிழைக்க வந்தவர்கள். நமக்கேன் சார் ஊர் வம்பு?"

சென்ற மாதம் எங்கள் காலனிக் கூட்டத்துக்கு அழைக்கப் போனபோது தமிழ் நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன பதில் இது. அவர் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வீடு வாங்கியது இங்கே, பிள்ளைகள் படித்தது இங்கே, பென்ஷன் வாங்குவதும் இங்கே. இன்னும் எத்தனை ஆண்டுகள் போனால் 'வந்தவர்கள்' என்பது மாறி 'இருப்பவர்கள்' ஆவோம் என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். யமுனைக்குக் கிழக்கே உள்ள எங்கள் காலனியின் ஓரத்தில் ஒரு காலி மனை. முன்பக்கம் பெரிய சாலை, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கும் தெரு. அந்த மனையில் மூன்று மாடியில் ஒரு பெரிய கடை வரப்போகிறது. மளிகை, காய்கறி, துணிமணி, பாத்திரம் எல்லாம் அங்கேயே கிடைக்குமாம். வாடிக்கையாளர்களுக்கு வாசல் பெரிய சாலையில். சரக்கு இறக்கும் வாசல் மட்டும் எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டுக்கு எதிரே.

கடையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என் மருமகள் அலுவலகம் முடிந்து மெட்ரோவில் வந்து இறங்கும்போது இரவு எட்டரை மணி. "உங்களுக்கென்ன மாமா, நாலு கடை ஏறி இறங்க நேரம் இருக்கிறது. எனக்கு எங்கே இருக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி. அதே சமயம், இருபது வருடமாகச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வரவழைத்து, மாதக் கடைசியில் கணக்கெழுதிக் கொடுக்கும் மார்க்கெட் கடைக்காரரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய பிழைப்பை எங்கள் மனு காப்பாற்றாது. நாங்கள் தொடர்ந்து அவரிடம் சாமான் வாங்கினால்தான் உண்டு.

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் முதலில் எழுதிய மனுவில் ஐந்து காரணங்கள் இருந்தன. முதல் காரணம், "வெளியாட்கள் காலனிக்குள் நடமாடத் தொடங்குவார்கள்" என்பது. படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 1984-ல் ரயில்வே வேலைக்காக தில்லிக்கு வந்த புதிதில், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வாடகைக்கு அறை தேடி அலைந்தேன். 'மதராசிக்குக் கொடுப்பதில்லை' என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார் ஒரு வீட்டுக்காரர். அன்றைக்கு வெளியாள் நான். நாளை அந்தக் கடையில் மூட்டை தூக்க வரும் பையனும், பில் போட வரும் பெண்ணும் என்னைப் போல ஏதோ ஒரு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தானே? அந்த வரியை எடுத்தால்தான் கையெழுத்து என்றேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

சரி, அதை எடுத்துவிட்டால் மனுவில் என்ன எழுதுவது? "அளந்து பார்த்து எழுதுவோம்" என்றேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ரயில்வேயில் ஒரு லெவல் கிராசிங்குக்கு மேம்பாலம் வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் கணக்கெடுப்போம். ஒரு நாளில் அங்கே போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் அலகுக் கணக்கால் பெருக்க வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலம் கேட்க வலுவான காரணம் உண்டு. அதிகாரிகள் கூச்சலுக்கு அசைய மாட்டார்கள். எண்ணுக்குக் கொஞ்சமாவது அசைவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் நோட்டுமாக மூன்று பேர் தெருவில் இறங்கினோம். காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு ஒன்பது மீட்டர். இரண்டு பக்கமும் கார்கள் நிற்பதால் நடுவில் மிஞ்சுவது ஐந்தரை மீட்டர். சரக்கு லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். அது நின்று சரக்கை இறக்கும்போது மிச்சம் மூன்றே மீட்டர். எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றால் போதும், ஆம்புலன்சோ தீயணைப்பு வண்டியோ உள்ளே வர முடியாது. 32 அடி கண்டெய்னர் வந்தால் தெருமுனையில் திரும்பவே முடியாது.

தீ என்று சொன்னது பயமுறுத்த அல்ல. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நாமெல்லாம் தேடிப் போகும் தியாகராய நகரில், 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பற்றியது. ஒரு நாளைக்கு மேல் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக முடியாமல் திணறினார்கள். கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு மொத்தத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். பெரிய கடைக்குப் பக்கத்தில் வசிப்பவர் தம் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது என்பதற்கு இது சாட்சி.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு நாங்கள் வேறொரு பகுதியில் இருந்தபோது தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் வந்தது. அக்கம்பக்கத்தார் எதிர்ப்புக் கடிதம் கொண்டுவந்தார்கள். 'நமக்கேன் வம்பு' என்று நானும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு முகூர்த்த நாள் இரவு, என் தாயாருக்கு மூச்சுத்திணறல். ஊர்வலமும் கார்களுமாகத் தெரு அடைத்துக்கிடந்தது. நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் மெயின் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனோம். அம்மா பிழைத்தார். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடாமல் விட்டது இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

முன்கூட்டியே பேசுவது கடைக்காரருக்கும் நல்லது. 2006-ல் தில்லியில் நடந்த 'சீலிங்' பலருக்கு நினைவிருக்கும். குடியிருப்புப் பகுதிகளில் விதிக்குப் புறம்பாகப் பல்லாண்டுகளாக நடந்துவந்த கடைகளை மூடும்படி, அந்த ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடன் வாங்கிக் கடை போட்டவர்கள் கதறினார்கள். 2007 பிப்ரவரியில் வந்த மாஸ்டர் பிளான், எந்த அகலமுள்ள தெருவில் கடை இருக்கலாம் என்று வகுத்துச் சொன்னது. முதல் செங்கல் வைக்கும்போதே யாராவது கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் அந்த வேதனையிலிருந்து தப்பியிருக்கும்.

இப்போது எங்கள் மனுவில் உள்ள கோரிக்கைகள் நான்குதான். சரக்கு வாசலைப் பெரிய சாலைப் பக்கமே வைக்க வேண்டும். வருகிறவர்களின் வண்டிகளுக்குக் கடைக்குள்ளேயே இடம் வேண்டும். ஜெனரேட்டரும் ஏ.சி. இயந்திரங்களும் வீடுகளின் பக்கம் இருக்கக் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை சரக்கு இறக்கக் கூடாது. கடைசிக் கோரிக்கைக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் அந்த எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 45 டெசிபல். பகலில் 55.

அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் காட்டும்படி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகராட்சிக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறோம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இந்தி எழுத வராதே என்ற தயக்கமும் வேண்டாம். இந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்திலும் எழுதலாம். எங்கள் விண்ணப்பத்தை எழுதியது பிளஸ் டூ படிக்கும் ஒரு தமிழ்ப் பெண்தான்.

முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடை வரும் என்றுதான் தோன்றுகிறது. பின்வாசல் எந்தப் பக்கம் வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாவதற்குள் பேசியாக வேண்டும். உங்கள் காலனியிலும் நாளை ஒரு கடையோ மண்டபமோ கிடங்கோ வரலாம். அப்போது கூட்டத்துக்குப் போங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துப் போங்கள். தெருவில் யார் எப்போது வருகிறார்கள், எங்கே அடைத்துக்கொள்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவையும் அளக்கப் போகிறோம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவை என்று அந்த நண்பரிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். "எத்தனை மணிக்கு சார்?" என்றார்.